வெட்டிய வயிற்றோடு சாப்பாட்டுக் கடை நடத்தியது

“இனிமே ஒரு வேளைக்கு ஒரு பிடிதாம்மா உனக்கு. அதுக்கு மேல ஒரு வாய் போட்டாலும் வயிறு திருப்பிக் குடுத்துடும்” என்று எனக்கு முதலில் சொன்னவர் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டு நர்சு ரோஸியம்மா. தையல் பிரித்த அன்று காலையில், எனக்குத் தலை பின்னிவிட்டபடியே சொன்னார். எங்கள் மூத்தவனுக்குக் கல்யாணமாகி மறு வருஷம் அது. அரிசிக்காக ஊரே ரேஷன் கடையில் கால்கடுக்க நின்ற காலம்.

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்கு ஊரில் எல்லார் வயிற்றின் அளவும் தெரியும். ஆள் உட்காரும்போதே சொல்லிவிடுவேன், இவருக்கு மறுசோறு வேண்டும், இவர் ரசத்தோடு எழுந்துவிடுவார் என்று. என் வயிற்றின் அளவைத்தான் நான் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. பல வருஷமாக எரிந்துகொண்டிருந்த புண் ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுக்க வைத்தது. டாக்டர்கள் வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில் எங்கள் வீட்டு முன்கூடம்தான். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. வீட்டுக்காரர் போன பிறகு அந்த அடுப்புதான் என் பிள்ளைகளை வளர்த்தது. மூத்தவன் ஏகாம்பரம் உள்ளே தறியில் இருக்கிறான். பெண் வசந்தாவைப் பக்கத்துக் கிராமம் தாமலில் கொடுத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என்னைப் பார்த்து ஏகாம்பரம் சொன்னான்: “பொங்கல் வரைக்கும் பாக்குறேன்மா. உடம்பு தேறாம நீ மயங்கிக்கினு இருந்தியானா ஒரு நாள் அடுப்பு மேலயே விழுவ. கடைய மூடிடுவேன்.” அன்பாகத்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விளக்கேற்றிக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், அதிர்ந்து பேசாதவள் என்று என்னைச் சொல்வார்கள். அதனால் எனக்குக் கோபம் வராது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். உங்களில் வயிறு வெட்டுப்பட்டவர்கள் இருந்தால், இதைப் படிக்கும்போது உங்களுக்கும் வரும்.

யார் கைப்பிடி

ரோஸியம்மா ஒரு பிடி என்றாரே, அது யார் கைப்பிடி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் கை அண்டாச் சோற்றைக் கிளறிக் கிளறிப் பரந்துபோன கை. அந்தக் கையால் ஒரு பிடி எடுத்துக் குழைத்துச் சாப்பிட்டேன். நெஞ்சுக்கு நடுவில் கல்லாக நின்றது. மறுநாள் பாதியாக்கினேன். அது உள்ளே தங்கியது என்று சந்தோஷப்பட்டு மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், எல்லாம் வெளியே வந்துவிட்டது. விறகு அடுக்குக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு வந்து, இலையில் காத்திருந்தவருக்கு மோர் ஊற்றினேன். இட்லி என்றால் எவ்வளவு, தயிர்ச்சோறு என்றால் எவ்வளவு, கீரை சேருமா, பருப்பு சேருமா என்று ஒவ்வொன்றையும் என் உடம்பிலேயே அடிபட்டுப் படித்தேன்.

ஒரு நாள் பூஜை அலமாரியில் நைவேத்தியக் கிண்ணத்தைத் துடைக்கும்போது மனசில் பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பித்தளைக் கிண்ணம். அன்றைக்குச் சாமிக்கு வைத்து எடுத்த சோற்றை மட்டும், தண்ணீர் குடிக்காமல், மெல்ல மென்று சாப்பிட்டேன். தங்கியது. நெஞ்சு அடைக்கவில்லை, வியர்க்கவில்லை. அதே அளவில் இன்னொரு கிண்ணம் பாத்திரக் கடையில் வாங்கி, இதுதான் என் சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன். மாவாட்ட வருகிற அம்புஜத்திடம் கண்ணீரோடு அதைக் காட்டினேன். அவள் குழவியை நிறுத்தாமலே சொன்னாள்: “சாமிக்கு வெக்கிறது உனக்குப் போதும்னா, யக்கா, நீ மாடத்துல குந்திக்கினு இருக்கத்தான் லாயக்கு, கடைக்கு லாயக்கில்ல.”

நூல் தரகர் கண்டுபிடித்தது

பட்டு நூல் தரகர் ஒருவர் பல வருஷமாக என் கையால் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர். என் வத்தக்குழம்புக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு மறுசோறு கேட்பவர். நான் கடையைத் திரும்பத் திறந்ததும் வந்தார். கூட்டம் தீர்ந்த பிறகு சமையல் கட்டின் ஓரத்தில் நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் குழைத்த தயிர்ச்சோறு. குழம்பு இல்லை, கூட்டு இல்லை. அவர் முகம் மாறிவிட்டது.

ஆபரேஷன் ஆனதை எடுத்துச் சொன்னேன். புடவையை மீறாமல் எந்த அளவுக்குச் சொல்ல முடியுமோ அந்த அளவுக்குத் தழும்பு எங்கிருந்து எங்கே போகிறது என்றுகூடக் கையால் காட்டினேன். ஒரு பொம்பளை இதற்கு மேல் என்ன சாட்சி காட்டுவது? அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: “அதெல்லாம் சரிம்மா. சமைக்கிறவளே தொடாத குழம்ப நான் எப்படி நம்பித் துன்றது?”

தேறுவதற்கு வைத்தியம்

மெலிந்துகொண்டே போனேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. ஏகாம்பரம் வற்புறுத்தி ஊரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் என் சென்னைச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “நல்லா சாப்பிடணும். பால், பழம், நெய், சர்க்கரை போட்டுக் கஞ்சி” என்றார். சர்க்கரை என்றாலே எனக்குப் படபடவென்று வரும், ஒரு கிண்ணத்துக்கு மேல் இறங்காது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து கம்பவுண்டரிடமாவது சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அவர் மருந்துப் பாட்டிலில் அளவுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த மருந்துக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கத்தரித்து ஒட்டத் தெரிந்த மனுஷர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலும்பும் தோலுமா இருந்துக்கினு வயிறு ரொம்பிடுச்சின்னு சொன்னா, எந்த டாக்டர்மா நம்புவாரு?”

வாய் அசைந்தால் குற்றம்

ஒரு கிண்ணம்தான் கொள்ளும் என்றால் ஒரு நாளில் பல தடவை சாப்பிட்டால்தானே உடம்பு நிற்கும். விடிந்ததும் கொஞ்சம் இட்லி, வெயில் ஏறும்போது கொஞ்சம் மோர்ச்சோறு, கூட்டத்துக்கு முன்னால் ஒன்று, கூட்டம் தீர்ந்ததும் ஒன்று, சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஒன்று. இப்படிப் பழகியதும் வளையல் இறங்கி மணிக்கட்டில் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

நூல் தரகருக்கு வேறு எந்தக் கடைச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லைபோல, திரும்பி வந்தார். வத்தக்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டு பெஞ்சில் இருந்த நெசவாளிகளிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: “இந்தம்மா காலைல வந்தாலும் மென்னுக்கினு இருக்குது, மத்தியானம் வந்தாலும் மென்னுக்கினு இருக்குது. வித்தது பாதி, துன்னது பாதி.”

அம்மன் வராத அன்று

ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். மாவிளக்கு போட்டோம். பச்சரிசி மாவும் வெல்லமும் இடித்துப் பிடித்தது, பிரசாதம். அம்மனுடைய பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படித் தள்ளுவது? சுண்டைக்காய் அளவு கிள்ளிக் கொடுங்கள் என்றேன். ஒரு உருண்டையையே வாயில் திணித்துவிட்டார்கள். உடுக்கை அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மார்பு அடித்துக்கொண்டது. வியர்வை ஊற்றியது, கை கால் உதறியது, கண் இருண்டது. வெல்லம் என் வயிற்றில் நிற்காமல் ஒரேயடியாகக் குடலுக்கு இறங்கியதால் வந்த கோளாறு அது. ரோஸியம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அவர்களுக்கு அது தெரியவில்லை. அம்மன் எனக்குள் இறங்கிவிட்டாள் என்று தலைமேல் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒருத்தி காலில் விழுந்து, தறியை விட்டுவிட்டுச் சுற்றுகிற தன் புருஷன் எப்போது திருந்துவான் என்று கேட்டாள். “என்னைப் படுக்க விடுங்க” என்று கெஞ்சினேன். உடுக்கைச் சத்தத்தில் யார் காதில் விழும்? நான் கும்பிடுகிற தெய்வத்தை என் வயிற்றுக் கோளாறுக்குப் பெயராக வைத்தார்களே என்று பல்லைக் கடித்தேன். பல்லைக் கடிப்பதைப் பார்த்து அம்புஜம் சத்தமாகச் சொன்னாள்: “ஆத்தா பேசமாட்டேங்குறா, கோவமா இருக்குறாபோல, இன்னொரு உருண்ட மாவிளக்கு குடுங்க.”

தாமல் பந்தி

நடந்தது அருள் இல்லை, மயக்கம்தான் என்று ஏகாம்பரத்திடம் நானே சொல்லிவிட்டேன். அம்மன் பேரில் ஒரு பொய் நிற்கக் கூடாது. “இன்னொரு வாட்டி ஆச்சின்னா மூடிடுறேன்மா. அப்புறம் அழக்கூடாது” என்றான்.

கார்த்திகையில் வசந்தாவின் குழந்தைக்குக் காது குத்தல் வந்தது. தாமலுக்குப் போனோம். ஏகாம்பரம் தாய்மாமன், மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். பிறகு பெண்கள் பந்தியில் என்னைச் சம்பந்தியம்மாள் தன் கையாலேயே உட்காரவைத்தார். சோறு போட வந்த பெண்ணிடம் என் அளவைச் சொன்னேன், அவள் நல்ல பெண், அந்த அளவே வைத்தாள். நான் சாப்பிட்டு முடித்தபோது பக்கத்து இலைக்கு இன்னும் சாம்பாரே வரவில்லை. பந்தி முடியும் வரைக்கும் யாரும் எழக் கூடாது. உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தியம்மாள் பாயச வாளியோடு வந்தார். “என்னா சம்பந்தி, இலையக் காலியா வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கீங்க. எங்க வூட்டு சோறு எறங்கலியா” என்றார். பந்தியே சிரித்தது. ஊத்தாதீங்க என்று இரண்டு கையாலும் இலையை மூடினேன். “டவுன்ல கடை வெச்சிருக்கிறவங்களுக்கு எங்க பாயசம் பிடிக்குமா” என்று என் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, கரண்டி கரண்டியாக ஊற்றினார். புறங்கையில் சூடாக வழிந்தது. குடித்தால் அங்கேயே விழுவேன், கடை போய்விடும். குடிக்காவிட்டால் என் பெண்ணுக்கு அந்த வீட்டில் பேச்சு விழும். வசந்தா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இலையை மடித்தேன். பாயசம் இரண்டு பக்கமும் ஒழுகிப் பாயை நனைத்தது. எழுந்து நின்றேன். “எனக்கு வெட்டுப்பட்ட வயிறு, சம்பந்தி. பொம்பளைக்குப் பொம்பளை கெஞ்சிக் கேட்டேன். கேக்கறவ கைய விலக்கிட்டு ஊத்தறது உபசாரமில்ல” என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. பாதிப் பந்தியில் ஒருத்தி எழுந்துவிட்டாள் என்று எல்லார் கையும் நின்றுவிட்டது. சம்பந்தியம்மாள் வாசல் பக்கம் திரும்பி, “பாத்தியாப்பா ஏகாம்பரம், ஒங்கம்மா எங்க சோத்த மிதிச்சிட்டுப் போறத” என்றார். ஏகாம்பரம் குழந்தையை வசந்தாவிடம் கொடுத்துவிட்டு, கை கழுவ எனக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். ஊற்றிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: “எங்கம்மா சாப்ட்டாச்சிங்க. காலைல கடை தொறக்கணும், நாங்க கெளம்புறோம்.”

அந்தப் பொங்கலுக்கு வசந்தாவை அவர்கள் எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. கடை நடக்கிறது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் இன்றைக்கும் சாமி முன்னால் எனக்குக் கை கூப்ப வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

வயிற்றை வெட்டித் தைக்க டாக்டர்களுக்கு ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது, அதற்கு எவ்வளவு போதும் என்பதை ஊருக்குப் புரியவைக்க எனக்கு இந்த ஆயுசு போதாதுபோல. உங்கள் வீட்டுப் பந்தியில் யாராவது இலையைக் கையால் மூடினால், கரண்டியை அடுத்த இலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், அம்மா.