பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கார்

எண்பதுகளின் கடைசியில் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம், ரயில் பாதையை ஒட்டிக் குடியிருந்தோம். மகளுக்கு நான்கு வயது. கணவர் அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். எங்களுக்கு முன்பே அது மூன்று குடும்பங்களைச் சுமந்து தேய்ந்திருந்தது. மெக்கானிக்கிடம் விட்டால் வாரக்கணக்கில் திரும்பி வராது என்று ரிப்பேரை அவரே எடுத்துக்கொண்டார். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டியபோதும், ஹாரனைச் சரிசெய்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஓடாவிட்டால் வீட்டில் நிற்கும், அவ்வளவுதான். அப்புறம் பிரேக்கில் கை வைத்தார். அது கெட்டால் வண்டி நிற்கவே நிற்காது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் நாத்தனாருக்கு வளைகாப்பு. காரில் வருகிறோம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக்குக் கருங்கல் வைத்துவிட்டு, பின் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டார். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் கீழே ஒரு சின்னத் திருகைத் திறப்பார். குமிழ் குமிழாகக் காற்றும் ஆயிலும் வெளியேறும். திருகை மூடிவிட்டு "விடு" என்பார். அதற்கு அப்புறம்தான் நான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

"மிதி... பிடி... விடு." மூன்று சக்கரம் நன்றாகத்தான் போயிற்று. நான்காவதில் மின்சார ரயில் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் அவர் ஏதோ கத்தினார். "விடு" என்று கேட்டது போலிருந்தது. காலை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பயம் பிடித்தது. "விடாதே" என்று சொல்லியிருந்தால்? நம் பேச்சில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில்தான் வருகிறது. அந்த வாலை ரயில் தின்றிருந்தால்?

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏங்க, ரயில் போனப்ப விடுன்னீங்களா, விடாதேன்னீங்களா?"

"ரெண்டும்தான் சொன்னேன். ஸ்பேனர் வழுக்குச்சு, விடாதேன்னேன். அப்புறம் மூடிட்டு விடுன்னேன்."

"நான் எதைக் கேட்டுக் காலை எடுத்தேன்னு தெரியலையே."

"பெடல் கெட்டியா இருக்குல்ல?"

அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இரண்டாம் தடவை அவ்வளவு இல்லையோ என்று தோன்றியது. திரும்பச் செய்யலாம் என்றால் ஆயில் டப்பா காலி, கடையும் மூடியாயிற்று.

"அதெல்லாம் சரியா இருக்கு. பிசிக்ஸ் படிச்சவகிட்ட இதான் தொல்லை" என்று சிரித்தார்.

படித்ததுதான் வினை. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். காலில் கெட்டியாக இருப்பது சாலையில் கெட்டியாக இருக்க வேண்டியதில்லை.

காலையில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டுச் சொன்னேன்.

"இவளை அதுல ஏத்த மாட்டேன்."

கல்யாணமானதிலிருந்து அவர் பேச்சை நான் மறுத்ததில்லை.

"அப்ப நான் ஏறலாமா?"

"நீங்களும் வேண்டாங்க. பஸ்ல போயிடலாம்."

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ல போங்க. நான் பின்னாடியே வரேன். பஸ் நிக்கிறப்பல்லாம் காரும் நின்னா நம்புவியா?"

பிடிவாதக்காரர். பஸ்ஸில் ஏறி, பின் கண்ணாடி வழியாகப் பார்க்க வசதியாகக் கடைசி நீள சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும்போதும் கார் நெருங்கி நெருங்கி வரும். நின்றுவிடும். என் நெஞ்சு மட்டும் நிற்காமல் அடித்துக்கொள்ளும்.

கண்டக்டர் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, பின்னாடியே பாத்துகினு கீற? யாரனா வரணுமா?"

"வீட்டுக்காரர் கார்ல வர்றார்."

"கார வெச்சிகினு பஸ்ல வரியா? வூட்ல சண்டையா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மகள் சீட்டில் ஏறி நின்று அப்பாவுக்குக் கையாட்டினாள். அவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினார். "கையாட்டாதேடி!" என்று நான் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் உறைத்தது. கார் நிற்காமல் போனால் வந்து இடிக்கப்போவது இந்தக் கடைசி சீட்டில்தான். எந்தக் காரில் ஏற்ற மாட்டேன் என்றேனோ, அதற்கு நேர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்து முன்னால் போனேன். அங்கிருந்து பார்த்தால் பின்னால் வெறும் தலைகள்தான். அவரைப் பார்ப்பதா, இவளைக் காப்பதா? இரண்டும் சேர்த்து முடியவில்லை. குரோம்பேட்டை தாண்டியும் ஒவ்வொரு தடவை பஸ் நின்றபோதும் முதுகுப் பக்கம் ஒரு சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

பல்லாவரத்தில் இறங்கினோம். பஸ் நகர்ந்தது. பின்னால் கார் இல்லை. லாரி வந்தது, ஸ்கூட்டர் வந்தது. கார் இல்லை.

"அப்பா அங்க!" என்றாள் மகள். நிறுத்தத்தைத் தாண்டி, நன்றாகவே தாண்டி, ஓரமாகக் கார் நின்றுகொண்டிருந்தது. அவள் கையை உதறிவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க, இவ்வளவு தள்ளி?"

"பஸ் ஸ்டாப்ல நிறுத்தினா திட்டுவாங்கல்ல?"

"வேணும்னேதான் தள்ளி நிறுத்தினீங்களா?"

"வேற எப்படி நிறுத்துவாங்க?" என்றார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. வெயிலும் இருந்தது.

"இன்னும் ரெண்டு தெருதானே. நடந்துடலாங்க."

"ரெண்டு தெருவுக்குத்தானே, ஏறு."

அதற்குள் மகள் முன் சீட்டில் ஏறி, கண்ணாடியோடு மூக்கை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் எஞ்சினைக் கிளப்பினார். நான் கதவைத் திறந்து, அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் நான் உட்கார்ந்தேன்.