என் ஓரகத்தியின் வெறுங்கூடை

வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு என் ஓரகத்தி லயத்து வாசலில் நடந்துபோன காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கூடைக்குள் ஒரு கொழுந்துகூடக் கிடையாது. கயிற்றை உச்சந்தலையில் சரியாக வைத்து, கழுத்தை நிமிர்த்தி, தண்ணீர்ப் பீலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "வெறுங்கூடையோட எங்கடி கெளம்பிட்ட?" என்று எதிர்லயத்துக்காரி கேட்டாள். "கூடைக்கு மாப்பிள பாக்கப் போறேங்க்கா, நீங்களும் வர்றீங்களா?" என்றாள் இவள். லயமே சிரித்தது. நான் மட்டும் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. இலங்கையில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில் இருந்த காலம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள்; அவர்கள் காம்பிராவுக்கும் எங்கள் காம்பிராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வாழவந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷமாகக் கொழுந்து மலையில், தேயிலைச் செடி வரிசைகளில் முதல் நிரை என்னுடையது. முதல் நிரைக்காரி போகிற வேகத்தில்தான் மற்றப் பெண்கள் பின்னால் வரவேண்டும். வாய் திறந்து நாலு பேரிடம் பேசத் தெரியாத எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். இவள் வந்த நாளிலிருந்து என் கையையே பார்த்துப் பார்த்து எடுப்பாள். நானும் விடவில்லை. ஒரு மழைக்காலத்தில், நனைந்த கொழுந்தை நடுவில் நிறுவைக்குக் கொட்டாமல் அமுக்கி அமுக்கி நிரப்பி, ஒரே கூடையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் கொக்கி போட்டு இழுத்தது போல ஒரு வலி. மூச்சை இழுத்துவிடக்கூட முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, அதே மாதிரி தூக்கி, அதே இடத்தில் அவளுக்கும் பிடித்துக்கொண்டது. நான் படுத்தால் இவளும் படுக்க வேண்டுமா, நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தோட்டத்து மருந்து ஐயா எங்கள் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். எலும்பில் ஒன்றுமில்லை, சதைதான் இழுபட்டிருக்கிறது என்றார். படுத்தே கிடந்தால் தோள் இறுகிவிடும், அவசரப்பட்டுப் பாரம் தூக்கினால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, தோளை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும், பின்பக்கமாகச் சுற்ற வேண்டும், கைகளை மாற்றித் தோளைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திரும்ப வேண்டும். வலி கூடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கை மரத்துப்போனால் உடனே வர வேண்டும். தேறிய பிறகு ஒரு வாரம் வெறுங்கூடை, அப்புறம் இரண்டு பிடி கொழுந்து, அதன் பிறகுதான் கால் கூடை. "எங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். அவள் உடனே செய்துகாட்டினாள். "கெட்டிக்காரி" என்று சொன்னார். அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் கையைத் தூக்க எனக்குக் கூச்சம். "வீட்ல செய்றேங்கய்யா" என்று முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் வாசலில் நின்று பிள்ளைகளோடு பிள்ளையாகச் செய்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். அவள் பத்து என்றால் நான் இருபது. வலித்தது. கசக்கிற மருந்துதானே நோயைத் தீர்க்கும், இதுவும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வெறுங்கூடையோடு நடந்த அன்று, அடுப்புக்கு வைத்திருந்த மிலாற்றுக் கட்டு ஒன்றை என் கூடைக்குள் போட்டுத் தூக்கினேன். மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சி, பச்சையாக இருந்தால் கல் கனம் கனக்கும். அவளுக்கு முன்னால் மலைக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நாலு நாள் தூக்கினேன். ஐந்தாம் நாள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கை எழும்பவில்லை.

வேலைக்குத் திரும்பிய காலை, ஆளைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி எங்களை முன்னால் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் கையத் தூக்குங்க பாப்போம்." அவள் கோயிலில் கும்பிடுவது போல உச்சிக்கு மேலே தூக்கினாள். என் வலது கை காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "சரி, மொத நெர சின்னவளுக்கு. நீ போயி நாத்து மேடையில புல்லுப் புடுங்கு தாயி" என்றார். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் காம்பிராவுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீங்க மெலாறு தூக்குனது எனக்குத் தெரியும். கூடைய எறக்குறப்ப மொனகுவீங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"கேட்டுச்சுன்னா ஏன்டி சொல்லல?"

"சொன்னா நிறுத்திப்புடுவீங்க. நிறுத்துனா தேறிருவீங்க. அப்பறம் எனக்கு எங்கிட்டிருந்து மொத நெர?"

சொல்லிவிட்டு அழுதாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது உண்மைதான். ஆனால் அதற்குள்ளே வேறொன்றும் இருந்தது, இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. நான் கதவிடுக்கில் நின்றது போலவே அவளும் சுவரில் காதை வைத்திருந்திருக்கிறாள்! நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவளுக்கு என்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவளைத் தொடவிட்டேன். என் தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "மெல்லக்கா, மெல்ல... போதும், நிறுத்துங்க" என்று சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தாள். தினமும் வந்தாள். நாலைந்து மாதத்தில் கூடை தூக்கினேன். எனக்கு மூன்றாம் நிரை கொடுத்தார்கள். ஒருநாள்கூட அவளிடம் "பரவாயில்லை" என்று நான் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். முதல் நிரை எனக்குத் திரும்ப வந்தது. அவள் போனதற்கு அழுதேன், நிரை வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன். இரண்டும் ஒரே நாளில்தான்.

போன மாதம் நீலகிரியிலிருந்து அவள் கடிதம் வந்தது. பேரன் எழுதியிருக்கிறான், பேச்சு அவளுடையது. கண் மங்கிவிட்டதாம், பல் போய்விட்டதாம். "ஆனா இன்னும் நானேதான் கையத் தூக்கிக் கொண்ட போட்டுக்கிறேன்க்கா" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை வாசித்திருப்பேன். வயசில் எனக்கு அந்தக் கை மறுபடியும் ஏறாமல் போய்விட்டது, பேத்திதான் தலை சீவிவிடுகிறாள்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஒத்தடம் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நின்று கையை மெல்ல ஏற்றிப் பார்க்கிறேன். நேற்று காதைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அதன் பிறகு அவளுக்குப் பதில் எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.