உறக்கம் வராத குளிகை

எழுதுவது என் வேலை அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடின இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அன்று மருந்துக்கடையில் நின்று பேசியது நான். என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. குறைவாகப் பேசுகிறவர்களுக்கு அது ஒரு வசதி.

போன மாதம் பாறசாலையில் தும்மலுக்கு ஒரு அட்டை குளிகை வாங்கினேன். மாத்திரையை எங்கள் பக்கத்தில் குளிகை என்றுதான் சொல்வோம். பத்துக் குளிகைக்குக் கொடுத்தது இரண்டு சாயா குடிக்கிற காசு. கடையில் இருந்த பெண் செல்போனில் பேசிக்கொண்டே எடுத்துத் தந்தாள். யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கு ஒன்பது வயதில் இதே குளிகை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

அம்மா அண்டியாபீசில் வேலை செய்தாள். முந்திரிப்பருப்பு ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வறுத்து உடைத்த பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் சிவந்த தோலைச் சின்னக் கத்தியால் நீக்குகிற பகுதியில் அவளுக்கு இடம். அந்தத் தோலின் பொடி மூக்கில் ஏறினால் மற்றப் பெண்கள் ஒரு தடவை தும்முவார்கள். அம்மா தும்மத் தொடங்கினால் இருபதில் நிற்காது. கழுத்தும் கையும் தடித்துச் சிவக்கும். கண் வீங்கி மூடிக்கொள்ளும்.

அதற்கு மஞ்சள் குளிகை என்று ஒன்று உண்டு. விலை அதிகமில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டாலும் கத்தரியால் நறுக்கி இரண்டு, மூன்று என்று கொடுப்பார்கள். போட்டால் அரை மணி நேரத்தில் தும்மல் நிற்கும். அதோடு அம்மாவின் கையும் நிற்கும். கையில் பருப்பும் மடியில் கத்தியுமாக இருந்த இடத்திலேயே உறங்கிவிடுவாள்.

இரண்டு தடவை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை உறங்கினால் அதன் பிறகு வர வேண்டாம் என்று ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். குளிகை போட்டால் உறக்கம். போடாவிட்டால் தும்மல், தும்முகிறவளைப் பருப்பின் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் வந்த காசு அம்மாவுடையதுதான். அப்பா ரப்பர் வெட்டப் போனார். மழைக்காலத்தில் ரப்பருக்கு விடுமுறை, அப்பாவுக்கும் விடுமுறை. அது மழைக்காலம்.

அம்மாவின் பக்கத்தில் இருந்து வேலை செய்த அக்காவின் கணவர் கல்ஃபில் இருந்தார். அவர் கொண்டுவந்த புதுக் குளிகை தும்மலை நிறுத்துமாம், ஆனால் உறக்கம் வராதாம். இப்போது நம் ஊர்க் கடையிலும் அது வந்துவிட்டதாம். அதன் பெயர் அந்த அக்காவுக்கும் தெரியவில்லை, விலை தெரிந்திருந்தது. ஒரு குளிகை வாங்குகிற காசுக்கு மஞ்சள் குளிகை ஒரு அட்டையே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆராதனை முடிந்து வந்ததும், எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடைக்கு வைத்திருந்த காசை எடுத்து அம்மா என் கையில் வைத்தாள்.

“மக்கா, மெடிக்கல்ல போயி ஒறக்கம் வராத குளிகை பத்தெண்ணம் வேணும்ணு கேளு. மஞ்சள தந்தா வாங்காதே. பத்தும் வேணும், கொறச்சுத் தந்தா போராதுண்ணு சொல்லு. வழியில ஆரு கேட்டாலும் சொல்லாண்டாம். அப்பாட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?”

அப்பாவுக்கு விலை தெரிந்தால் வீடு இரண்டாகும். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் அண்டியாபீசுக்கும் தெரியும். அவ்வளவுதான் காரணம்.

வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கடைக்காரர் மலையாளி. எங்களோடு பேசும்போது பாதித் தமிழ் கலந்துகொள்வார். கடையில் வேறு யாரும் இல்லை.

“ஒறக்கம் வராத குளிகை பத்தெண்ணம் வேணும்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஆருக்காக்கும் மோளே?”

“அம்மைக்கு.”

“அம்மைக்கு ஒறக்கம் இல்லியோ?”

இது எனக்குச் சுலபமான கேள்வி. அம்மா நாலு மணிக்கு எழுந்திருக்கிறவள். “இல்ல” என்றேன்.

“எத்ர நாளாச்சு?”

“கொறே நாளாச்சு.”

“வீட்டில எந்தெங்கிலும் பிரச்சினை உண்டா?”

“ஆபீசுல ஏசினாவ. இனி வராண்டாம்ணு சொன்னாவ.”

அவர் மேசைமேல் குனிந்தார். குரல் தணிந்துவிட்டது. “ரெண்டெண்ணம் தராம். போரே?”

“போராது. பத்தும் வேணும்.”

“அச்சனுக்கு அறியுமோ?”

“அப்பாட்ட சொல்லாண்டாம்ணு அம்மை சொன்னா. ஆருகிட்டயும் சொல்லாண்டாம்ணு சொன்னா.”

பள்ளிக்கூடத்தில் ஒரு மாதத்தில் நான் இவ்வளவு பேசியதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையான பதில் சொல்லிவிட்ட பெருமையோடு நின்றேன். அவர் என் காசைத் தொடவே இல்லை.

“சாதனம் தீர்ந்து போயி, மோளே. நேரே வீட்டுக்குப் போ. அம்மைக்க கூடவே இரு. எங்கயும் போவாதே.”

உறக்கம் வராத குளிகை என்றால், தின்றால் உறக்கம் வராத குளிகை. உறக்கம் வராதவர்கள் தின்கிற குளிகை என்றாலும் அதே மூன்று சொல்தான். தமிழில் அப்படி, மலையாளத்திலும் அப்படியே. இரண்டு பாஷையும் அறிந்த அவருக்கு இரண்டுமே உதவி செய்யவில்லை. நான் வந்த பிறகு எங்கள் சபைப் போதகரின் மனைவி, நாங்கள் போதகரம்மா என்று கூப்பிடுகிறவர், பிரஷர் குளிகை வாங்க அங்கே போயிருக்கிறார். கடைக்காரர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள். “தீந்து போச்சா?” என்றாள். பிறகு, “அப்ப நாளைக்கு?” என்று கேட்டாள். நாளைக்கு என்ன செய்வது என்று ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்கிற அளவுக்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னபடி அவளைவிட்டு நகராமல் இருந்தேன். அடுப்படிக்குப் போனால் அடுப்படி, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி.

“என்னட்டி இது, பசுவுக்குப் பொறத்தால கண்ணுக்குட்டி மாதிரி?” என்று சலித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் போதகரம்மா இரண்டு பெண்களோடு வந்தார். மூன்று கருப்புக் குடைகள் வாசலில் விரிந்து நின்றன. ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். அம்மா பால் விடாமல் கட்டன் சாயா போட்டாள். கூட வந்தவர்களில் ஒருத்தி வீட்டுக்குள் வராமல் கிணற்றடியிலேயே நின்றுகொண்டாள். தண்ணீர் வேண்டுமோ என்று அம்மா இரண்டு தடவை வாளியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு தடவையும் அவள் வாளியைப் பிடுங்கிக்கொண்டு, “நீ உள்ள போ, நான் கோரிக்கிடுதேன்” என்று அம்மாவை அனுப்பிவிட்டாள்.

அந்த நேரத்தில் அப்பா தெருமுக்கில் இருந்து வந்தார். குடைகளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார். காணிக்கையாக வருகிற பொருள்களை ஆலயத்தில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சேவல் தருவதாக அவர் சபையில் பெயர் கொடுத்திருந்தார். அந்தச் சேவலை ஒரு மழைநாளில் நாங்களே தின்றுவிட்டோம். அன்று காலையில் அவர் ஆலயத்துக்கு வராததும் அதனால்தான். இப்போது வசூலிக்க வீடு தேடி வந்துவிட்டார்கள் என்று எண்ணி, அடுத்த வீட்டில் ஒரு சேவலை இரவல் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இந்த வீட்டின்மேல் இறங்கியிருக்கிற இருளை நீக்கும் ஆண்டவரே என்று போதகரம்மா கண்ணை மூடி மன்றாடிக்கொண்டிருந்தார். ஆமென் சொல்வதற்கு முன்னால் சேவல் கூவியது.

“மறந்ததில்ல போதகரம்மா. இண்ணைக்கு எப்படியும் கொண்டு வரணும்ணுதான் இருந்தேன்” என்றார் அப்பா.

“சேவலுக்கா வந்தோம்? இஞ்ச வந்து இரியும். பெண்டாட்டிக்க கையப் பிடியும்.”

அப்பா ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் சேவலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணப் படத்தில்கூட அவர்கள் இவ்வளவு நெருக்கமாக இல்லை.

போதகரம்மா அம்மாவின் முகத்தைத் தூக்கினார். “பிள்ளே, மனசில உள்ளத எங்ககிட்ட சொல்லு. பத்துக் குளிகையத் தின்னு ஒரேயடியா ஒறங்கிப் போறதுக்கு உனக்கு என்ன வந்திட்டு?”

அம்மா விழித்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “எட்டி, நீ கடையில என்னண்ணு கேட்ட?”

நான் சொன்னேன். கடைக்காரர் கேட்டதையும் நான் சொன்ன பதில்களையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பில் தும்மலும் வந்துவிட்டது.

“எனக்குத் தும்மலாக்கும் போதகரம்மா! வெறும் தும்மல்!”

சிரிப்புக்கு நடுவே மஞ்சள் குளிகை, சூப்பர்வைசர், கல்ஃப்காரரின் குளிகை, அதன் விலை எல்லாம் வெளியே வந்தது. கிணற்றடியில் நின்றவள் வாளியோடு உள்ளே ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “ரெண்டு மணிக்கூறா கெணத்தக் காவல் காத்தேனே, பாவி!” என்றாள். வந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

போதகரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் என்னெல்லாம் நெனச்சிட்டேன் பிள்ளே. அப்ப உனக்குச் சாவணும்ணு நெனப்பே வந்ததில்லியா?”

“அதுக்கெல்லாம் எனக்கு எங்க நேரம் போதகரம்மா?” என்றாள் அம்மா. “காலத்த எழும்பினா ஆபீசு, வந்தா அடுப்பு. சாவணும்ணாலும் ஒரு நாள் லீவு கேக்கணும்லா?”

எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா எழுந்து சேவலைப் போதகரம்மாவோடு வந்தவளிடம் கொடுத்துவிட்டு, “வா மக்கா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

கடை அடைத்திருந்தது. கடைக்காரர் வீடு பின்னாலேயே இருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்பா விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துச் சிரித்து, கடையின் பக்கக் கதவைத் திறந்து குளிகையை எடுத்தார்.

“இருபதெண்ணம் தாரும்” என்றார் அப்பா.

விலையைக் கேட்டு அவர் சண்டை போடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எண்ணாமல் மேசைமேல் வைத்தார். கடைக்காரர் எண்ணிப் பார்த்து, பன்னிரண்டுக்குத்தான் வரும் என்றார். பன்னிரண்டு வாங்கினோம். அம்மா தந்த காசு என் கையில் அப்படியே இருந்தது.

வீட்டில் அத்தனை பேர் சிரித்தபோதும் அப்பா சிரிக்கவில்லை. இரவல் சேவல் போன வருத்தம் என்று நினைத்தேன். “வேற ஒரு சேவல் வளப்போம், அப்பா” என்று ஆறுதலும் சொன்னேன். “ஆட்டும் மக்கா” என்றார். சாகிற நினைப்பு வந்ததில்லையா என்று கேட்டதற்கு அம்மா இல்லை என்று சொல்லவில்லை, நேரம் இல்லை என்றுதான் சொன்னாள். அது அந்த வீட்டில் அவர் ஒருவர் காதில்தான் விழுந்திருந்தது. என் காதில் விழ இன்னும் பல வருஷம் ஆயிற்று.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா கஞ்சி குடித்து, ஒரு குளிகை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் சைரன் ஊதும்வரை உறங்கவில்லை.