குடிசை இல்லாத காடு

ஏறாவூர் ஜெமீலா குவைத்தில் ஒரே வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தவள். அந்த வீட்டு வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஓர் ஓவியம் தொங்கியது. கறுத்த மரங்கள், பிளந்த பாறை, அதன் நடுவே இரைந்து விழும் அருவி, மேலே மழை முகில். முகில் கிழிந்த ஒரே இடத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். மனிதவாடையே இல்லை. கூப்பிடவும் ஆளில்லை, ஏவவும் ஆளில்லை. அதன் சட்டத்தை அவள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைப்பாள். "அங்கே என்ன பார்க்கிறாய்?" என்று எசமானி கேட்டால், "தூசி" என்பாள்.

ஊர் திரும்பும்போது அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். மகள் நிஸ்மியாவுக்குக் கலியாணம் பேசி, அவளுக்கென்று கட்டிய வீட்டின் பூச்சுவேலை முடிந்ததும், நாவற்குடாவில் பெயர்ப்பலகை எழுதும் ரதீஸைக் கூப்பிட்டு, நடுவறைச் சுவர் முழுக்க அந்தக் காட்டை வர்ணத்தில் கீறச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் வந்து பார்த்தால், பாறைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை புகையோடு நிற்கிறது.

"இத அழிங்க தம்பி."

"சும்மா வெறிச்சுக் கிடக்குமே அக்கா? குடிசைக்குப் பக்கத்தில ரெண்டு மான் நிண்டா வடிவா இருக்கும்."

"வெறிச்சுக் கிடக்கத்தான் வேணும். அங்க ஒருத்தரும் குடியிரிக்கப்படா."

ரதீஸ் தலையைச் சொறிந்துகொண்டு அழித்தான். அந்த இடத்தில் சரியான இருட்டைக் கொண்டுவர அவனுக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. முடித்ததும் அவனே எட்ட நின்று கனநேரம் பார்த்தான்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா வீடு பார்க்க வந்தார். நடுவறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னகா இது? கலியாண ஊட்டுல பாழுங்காடு! என்ட மகன் வந்து இரிக்கப்போற ஊடு. வெள்ள அடிங்க."

"ஆள், மிருகம் எண்டு உசிருள்ள ஒண்டையும் கீறல்ல மச்சி. மார்க்கத்துக்குக் குத்தமில்ல."

"பாக்கப் பயமா இரிக்கி."

"எனக்குப் பயமில்ல. பதினொரு வருசம் மத்தவங்கட சுவரத் துடைச்சித்தான் இந்தச் சுவரக் கட்டினன். இதுல என்ன இரிக்கணும் எண்டு நாந்தான் சொல்லுவன்."

ஆயிஷா உம்மா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். மூன்று கிழமை ஒரு சேதியும் இல்லை. ஒரு படத்துக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறாள் என்று ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பேச்சு. ஜெமீலா வெள்ளைப் பூச்சு வாளியை மகளின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்கும் வேணாமெண்டா நீயே அடி. நான் அடிக்க மாட்டன்."

நிஸ்மியா வாளியைத் தொடவில்லை. "எனக்கு இது புடிக்கல்லதான் உம்மா. ஒரே இருட்டு. ஆனா அவங்க சொல்லி நாம அழிக்கத் தேவல்ல" என்றாள். அன்று பின்னேரமே மாப்பிள்ளைக்குத் தானே போன் எடுத்து அதை அப்படியே சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை தாயைச் சமாளிக்க ஒரு மாதம் தள்ளிப்போனாலும் கலியாணம் நடந்தது. ஆயிஷா உம்மா வேண்டுமென்றே சுவருக்கு முதுகு காட்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். படமெடுக்க வந்தவன் என்ன செய்வான்? கலியாண அல்பத்தில் அவர் இருக்கும் படங்கள் எல்லாவற்றிலும் அருவி அவருடைய தலையிலேயே விழுகிறது. அதைப் பார்த்து ஜெமீலா சிரித்த சிரிப்பு ஒழுங்கை முனை வரைக்கும் கேட்டதாம்.