சாரைப் போடு

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு முதல் பெஞ்சில் மேலப்பாளையத்துப் பெண் ஒருவர் உட்காருவார். நாற்பது வயதிருக்கும். கறுப்பு முக்காடு, விரல்நுனிகளில் பீடித்தூளின் கறை. குறிப்பு எடுக்கவே மாட்டார். செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு என் மேசைமேல் வைத்துவிடுவார். பாடம் நடக்கும் நேரமெல்லாம் அவருடைய விரல்கள் மடியில் இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சார், போர்டுல எழுதிட்டு இதப் பாருங்கன்னு மட்டும் சொல்லுதீங்க. வாய்விட்டுப் படிச்சிருங்க. வீட்டுல பீடி சுத்திக்கிட்டேதான் கேக்கோம். கண்ணு இலையிலல்லா இருக்கும்."

"கேக்கோம்னா, வேற யாரு கேக்கா?"

"எங்க மாமிதான். இந்த வயசுல படிப்பு எதுக்குன்னு முதல்ல ஏசத்தான் செஞ்சாவ. இப்போ பீடித்தட்டை மடியில வச்சதும், சாரைப் போடுன்னு சொல்லுதாவ."

சிரித்தபடியே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"போன வாரம் இருமுனீங்கள்லா. போன்ல கேட்டுட்டு மாமிதான் சுக்கும் கருப்பட்டியும் குடுத்துவிட்டாவ."

அந்த வருடத்தோடு அவர் படிப்பு முடிந்தது. தேர்வு முடிவுகள் எங்களிடம் வருவதில்லை. தேறினாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் உரக்கப் படித்துவிடுகிறேன். மேசைமேல் இப்போதும் இரண்டொரு போன்கள் இருக்கின்றன. இருமல் வந்தால் மட்டும் வராந்தாவுக்குப் போய்விடுகிறேன். எந்த வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ.