பிளிஸ்வொர்த் குன்றின் அடியில்

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், இங்கிலாந்தின் நார்தாம்டனுக்குத் தெற்கே கேய்ட்டன் என்னும் ஊருக்கு அருகிலுள்ள படகுத் துறையில், பதினேழு மீட்டர் நீளமுள்ள ஒரு படகை எங்கள் மூவரையும் நம்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம் கேட்கவில்லை. நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். அவ்வளவு நீளம் இருந்தும் அகலம் இரண்டு மீட்டரும் கொஞ்சமும்தான். கூடம், சமையலறை, குளியலறை, படுக்கை எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போகவேண்டும்.

"குசினி வடிவா இருக்குது," என்றார் சமையலறையை எட்டிப் பார்த்த என் கணவர் நேசன். படகுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

நாங்கள் சிட்னியின் டூங்கபியில் இருப்பவர்கள். நான் திருநெல்வேலிக்காரி. நேசன் கிளிநொச்சியிலிருந்து வந்தவர். பரமட்டா பக்கம் பேருந்து ஓட்டுகிறார். எங்கள் ஒரே மகள் யாழினி வேலை கிடைத்து பர்மிங்காமுக்கு வந்து ஒரு வருடமாகிறது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அவள் தந்த பரிசுதான் இந்த மூன்று நாள் படகுப் பயணம். எங்கே போகிறோம் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

துறையில் இருந்த பயிற்சியாளர் வரைபடத்தை விரித்து, விரலால் ஒரு கோடு இழுத்தபோதுதான் தெரிந்தது. பிளிஸ்வொர்த் என்ற ஊருக்கு அப்பால் கால்வாய் ஒரு குன்றுக்குள் புகுந்து, ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர் தாண்டி, ஸ்டோக் ப்ரூயர்ன் என்ற ஊரில் வெளியே வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய சுரங்கம். உள்ளே விளக்கு கிடையாது, நடைபாதை கிடையாது. படகின் முன்விளக்கு ஒன்றுதான் துணை.

"சர்ப்ரைஸ்!" என்றாள் யாழினி.

நேசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பல்வலியோடு விருந்துக்குப் போனால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

சிட்னியில் நிலத்துக்கு அடியில் பெரிய பெரிய நெடுஞ்சாலைகள் வந்துவிட்டன. நேசன் ஒன்றிலும் போகமாட்டார். விமான நிலையம் போவதென்றாலும் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று பரமட்டா சாலை வழியாகத்தான். ரயிலில் நகரத்துக்குப் போனால், தண்டவாளம் நிலத்துக்குள் இறங்குமுன் சென்ட்ரல் நிலையத்திலேயே இறங்கி மிச்சத்தை நடப்பார். டோல் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று நண்பர்களும் மகளும் அவரைக் கஞ்சன் என்று கேலி செய்வார்கள். அந்தப் பெயர் அவருக்கு வசதியாக இருந்தது. திருமணத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை, "ஒருக்கா பங்கருக்குள்ள மாட்டுப்பட்டனான், பூட்டின இடம் எனக்கு ஒத்துவராது," என்று என்னிடம் சொன்னார். பங்கர் என்றால் போர்க்காலத்தில் குண்டுக்கு ஒளியும் பதுங்குகுழி. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. மகளிடம் அந்த ஒரு வரியைக்கூடச் சொன்னதில்லை.

பயிற்சி ஒரு மணி நேரம் நடந்தது. சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் நாம் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும். பின்பக்கக் கம்பியில் கயிறோ துணியோ தொங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். மாலையில் பிளிஸ்வொர்த்தை அடைந்து, கரையில் படகைக் கட்டி, சிட்னியின் பென்டில் ஹில் கடையில் வாங்கிக் கொண்டுவந்த கறித்தூளில் கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். யாழினி உற்சாகத்தில் பாட்டுப் பாடினாள். நேசன் இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சுரங்கத்தின் வாசலுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த ஆழமான பள்ளத்தில் கால்வாய் தயங்கித் தயங்கிப் போய், செங்கல் வளைவு ஒன்றுக்குள் காணாமல் போகிறது. அதிலிருந்து குளிர்காற்று வந்து முகத்தில் பட்டது. அந்தக் காலத்தில் குதிரைகள்தான் கரையில் நடந்து படகை இழுத்திருக்கின்றன. சுரங்கத்துக்குள் குதிரை நடக்க வழியில்லை. அதனால் குதிரையை அவிழ்த்துக் குன்றின் மேலாக நடத்திப் போவார்களாம். உள்ளே ஆட்கள் பலகையில் படுத்து, சுரங்கத்தின் சுவரைக் காலால் மிதித்து மிதித்தே படகை மறுபக்கம் சேர்ப்பார்களாம். தொலைபேசியில் பார்த்து யாழினி இதைச் சொல்லச் சொல்ல எனக்கு மெய்சிலிர்த்தது.

"அப்ப நான் குதிரையின்ர பாதையால வாறன்," என்றார் நேசன். "வெயில் நல்லா இருக்குது. நடந்தால் உடம்புக்கும் நல்லது. மற்றப் பக்கத்தில சந்திப்பம்."

"அப்பா, சீரியஸ்லி? இதுக்கு டோல் இல்லை!" என்றாள் மகள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அவர் கரையில் இறங்கியதும் அவள் முகம் வாடிவிட்டது. "நான் எவ்வளவு பிளான் பண்ணினனான் தெரியுமா அம்மா? ஒருநாளும் என்னோட சேந்து ஒண்டும் செய்யமாட்டார்," என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அது என் கதையல்ல என்று விழுங்கிக்கொண்டேன்.

யாழினி சுக்கானைப் பிடித்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். வளைவுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் பின்னாலிருந்த பச்சை வெளிச்சம் ஒரு தட்டளவாகி, பிறகு காசளவாகிவிட்டது. நான் பார்த்த இருட்டெல்லாம் இருட்டே அல்ல என்று அப்போதுதான் தோன்றியது. முன்விளக்கு பட்ட இடத்தில் மட்டும் செங்கற்கள் ஈரத்தில் மினுங்கின. எந்திரத்தின் சத்தம் சுவரில் மோதி, நூறு படகுகள் கூட வருவதுபோல் திரும்பி வந்தது. தலைக்கு மேலே ஒரு முழுக் குன்று இருக்கிறது, வயல்கள் இருக்கின்றன, ஆடுகள் மேய்கின்றன, அதற்கெல்லாம் கீழே நான் மிதந்துகொண்டிருக்கிறேன். மண்வெட்டியும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு இதைக் குடைந்தவர்களை நினைத்தபோது என்னையறியாமல் கைகூப்பினேன். கோவில் கருவறையில் வரும் அதே பயமும் பணிவும்.

எங்கள் நடைவேகப் பயணத்தில் பாதி வழி போயிருப்போம். கூரையில் ஒரு வட்டத் துவாரம் வந்தது. காற்றோட்டத்துக்காகக் குன்றின் உச்சியிலிருந்து கிணறுபோல் வெட்டி இறக்கியது. அதன் வழியே ஒரு தூண் வெளிச்சமும், கூடவே அருவிபோலத் தண்ணீரும் கொட்டின. இருவரும் தொப்பலாக நனைந்து கூச்சலிட்டுச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. எந்திரம் முனகியது. பிறகு நின்றேவிட்டது.

திடீரென்று அப்படி ஓர் அமைதி. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. காலையில் குளித்துவிட்டு நேசன் தன் சாரத்தை, அதாவது லுங்கியை, அலசி, டூங்கபி வீட்டுக் கொல்லையில் காயப்போடுவதுபோல், படகின் பின்கம்பியில் விரித்திருந்தார். மூன்று பேரும் அதைக் கடந்து பத்துத் தடவை போய் வந்திருக்கிறோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. நம் வீடுகளில் கம்பி என்று ஒன்று இருந்தால் அதில் துணி காயாமல் இருக்குமா? மேலிருந்து கொட்டிய தண்ணீரில் சாரம் கனத்து, வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் சுழலும் விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது.

தொலைபேசியில் சிக்னல் இல்லை. "இட்ஸ் ஓகே அம்மா, இட்ஸ் ஓகே," என்று யாழினி சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது துவாரத்தின் வழியாக, மிக உயரத்திலிருந்து, தண்ணீரோடு தண்ணீராக ஒரு குரல் இறங்கி வந்தது.

"யாழினீ!"

இருவரும் சேர்ந்து கத்தினோம். "ஒண்ணும் இல்லைங்க! எந்திரம் நின்னுபோச்சு, அவ்வளவுதான்!" என்றேன் நான். பதில் வரவில்லை. இன்னொரு முறை கத்தினோம். அதற்கும் பதில் இல்லை.

பிறகு அவரே சொல்லித் தெரிந்தது இது. குன்றின் மேலே அந்தத் துவாரங்களின் தலையில் பெரிய செங்கல் புகைபோக்கிகள்போலக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, காதை வைத்து, எங்கள் எந்திரத்தின் சத்தம் கேட்டபின்தான் அடுத்ததற்கு நடந்திருக்கிறார். இந்த இடத்தில் சத்தம் நின்றது. கூப்பிட்டார். கீழே நாங்கள் கத்தியது கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அவ்வளவுதான், மறுபக்க வாசலை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டார்.

அது எங்களுக்குத் தெரியாது. பயிற்சியாளர் காட்டித் தந்திருந்தபடி சாவியைக் கழற்றி, பின்தளத்திலிருந்த மூடியைத் திறந்து, நான் குப்புறப் படுத்துத் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டேன். குளிர் எலும்பைக் கடித்தது. மகள் விளக்கைப் பிடிக்க, ரொட்டி அறுக்கும் கத்தியால் சாரத்தைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தேன். நல்ல கைத்தறிச் சாரம். அறுக்க அறுக்க வந்துகொண்டே இருந்தது. நெய்தவரை ஒருபக்கம் மெச்சிக்கொண்டு, உடுத்தியவரை மறுபக்கம் திட்டிக்கொண்டு வேலை செய்தேன். கடைசித் துண்டை இழுத்து வெளியே போட்டபோது விரல்களில் உணர்ச்சியே இல்லை.

"அம்மா, லைட்!" என்றாள் யாழினி.

எதிரே, ஸ்டோக் ப்ரூயர்ன் பக்கமிருந்து ஒரு விளக்கு வந்துகொண்டிருந்தது. ஊசிமுனையாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பெருத்தது. அந்த விளக்குக்குப் பின்னால், படகின் முன்தளத்தில், ஒரு மனிதர் இரண்டு கைகளாலும் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சரும்! பிள்ளை நிக்கிறாளோ?"

என்னை 'இஞ்சரும்' என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். சிட்னியில் வெளிச்சமான சுரங்கத்துக்குள் குளிரூட்டிய காரில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாத மனிதர் இந்த இருட்டுக்குள் அந்நியர் படகில் ஏறி வந்திருக்கிறார்.

இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நேசன் எங்கள் படகுக்குள் கால் வைத்தார். யாழினி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர் உடம்பெல்லாம் வியர்வை. அந்தப் படகை ஓட்டி வந்த வெள்ளைக்கார முதியவர், வழிமுழுக்க இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்தார், ஆனால் ஒருமுறைகூடத் திரும்பச் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னார். எங்கள் எந்திரம் உயிர்பிடித்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, கையசைத்துத் தன் வழியே போனார். காப்பாற்ற வந்தவருக்கு நான் வேலை எதுவும் மிச்சம் வைக்கவில்லை. சூடாகத் தேநீர் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

படகு நகர்ந்தது. பிறகு யாழினி கேட்டாள். "அப்பா, உங்களுக்கு டன்னல் எண்டால் பயமா?"

"ஓம்."

இருட்டில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ அவர் சொல்லத் தொடங்கினார். "எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு. நானும் உன்ர சித்தப்பாவும் பங்கருக்குள்ள இருந்தனாங்கள். செல் குண்டு விழுந்து வாசல் மூடிட்டுது. ராவு முழுக்க உள்ளுக்கதான். அவன் சின்னப் பிள்ளை, அழுதுகொண்டே இருந்தான். பிறகு அழாமல் விட்டுட்டான். அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயம். விடியத்தான் சனம் வந்து கிண்டி எடுத்தது."

"அப்ப சித்தப்பா லிஃப்ட்ல ஏறாதது..."

டொரொன்டோவில் இருக்கும் நேசனின் தம்பி, ஏழாம் மாடியிலுள்ள தன் வீட்டுக்குத் தினமும் படியேறியே போகிறவர். உடற்பயிற்சிப் பைத்தியம் என்று நாங்கள் எல்லாரும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறோம்.

"ஓம், அவனுக்கும் அதுதான்."

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீயும் பயந்துபோவாய் எண்டு நினைச்சன்."

யாழினி மூக்கை உறிஞ்சினாள். பிறகு எந்திரத்தின் விசையை முன்னால் தள்ளி வேகத்தைக் கூட்டினாள். அப்பாவைச் சீக்கிரம் வெளியே கொண்டுபோய்விட வேண்டுமென்ற அவசரம் அவளுக்கு.

"ஏன் ஓடுறாய்?" என்றார் நேசன். "மெதுவா விடு. அந்த டோர்ச்சை இஞ்ச தா. வரேக்க நான் ஒண்டும் பாக்கேல்லை."

விளக்கை வாங்கி மேலே அடித்தார். வளைந்து வளைந்து போகும் செங்கல் வரிசைகள், சுண்ணாம்பு வழிந்து பளிங்குபோல் உறைந்த இடங்கள், யாரோ எப்போதோ உரசிப்போன தழும்புகள். இன்னொரு கை கம்பியை இறுகப் பற்றியிருந்தது. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சுரங்கத்தைவிட அவரைப் பார்ப்பதுதான் பிரமிப்பாக இருந்தது.

ஸ்டோக் ப்ரூயர்னில் வெயிலில் கண் கூசியது. கால்வாய்க் கரையில் பழைய கல் வீடுகள், வாத்துகள், தேநீர்க் கடை. சிட்னிச் சுரங்கங்களை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறோம். வானொலி பாடிக்கொண்டே இருக்கும். உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. இங்கே ஒவ்வொரு செங்கலையும் தாண்டித்தான் வெளிச்சத்துக்கு வரவேண்டியிருக்கிறது. எந்த வேகத்தில் போனாலும் மலை மலைதான். ஆனால் நடைவேகத்தில் கடந்ததைத்தான் மனசு கடந்ததாக எடுத்துக்கொள்கிறது.

படகைக் கட்டிவிட்டு வந்து பார்த்தபோது, நேசன் கரையில் ஒரு பலகையில் உட்கார்ந்து தம்பியைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். டொரொன்டோவில் அது விடியற்காலை. ஒலிபெருக்கியில் தூக்கக் கலக்கமான குரல் பதறியது.

"என்ன அண்ணை, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லையடா. ஒரு சுரங்கத்துக்குள்ளால வந்தனான். ரண்டே முக்கால் கிலோமீட்டர்."

மறுமுனையில் அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, ஐம்பதை நெருங்கும் அந்த மனிதர் சின்னப் பிள்ளைபோல் கேட்டார்.

"உள்ளுக்க சரியான இருட்டோ அண்ணை?"

"இருட்டுத்தான்டா," என்றார் நேசன். "ஆனா மற்றப் பக்கம் திறந்து கிடக்குது."