கராஜில் இரண்டு சபை

கடல் கடந்த மனுரேவா புறநகர், 1987. ஒரு வீட்டு கராஜில் தமிழ்ச் சங்கம் பிறக்கிறது. பிறக்கும்போதே உடையவும் பார்க்கிறது. சென்னையிலிருந்து விருந்தாளியாக வந்த நான் ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

குடும்பத்துக்கு ஓர் ஓட்டு என்கிறார்கள் யாழ்ப்பாணத்தார். அவர்கள்தான் அதிகம். மலேசியாவிலிருந்து வந்திருப்பது முனியாண்டியும் அவர் மனைவியும் மட்டும். "அப்ப நாங்க எதுக்கு? தே தண்ணி கலக்கவா?" என்று முனியாண்டி கார்ச் சாவியை எடுக்கிறார்.

மன்னாரில் சரித்திர டீச்சராக இருந்த மேரி அக்கா வடைத் தட்டோடு வாசலை மறிக்கிறார். "இருங்கோ தம்பி. அமெரிக்கா தொடங்கேக்கையும் இதே சண்டைதான். கடைசியா ரெண்டு சபை வைச்சவை. ஒண்டில தலைக்கணக்கு. மற்றதில பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாத்துக்கும் ரெண்டு பேர்."

"பிறகு மேற்கே புதுசா சேர்ந்த மாநிலங்களுக்கு?" என்கிறேன்.

"ஓம், அவைக்கும் ரெண்டுதான். நாளைக்கு ஃபிஜியில இருந்து ஆர் வந்தாலும் ரெண்டுதான்."

கராஜ் கைதட்டுகிறது. முனியாண்டியும் மனைவியும் மலேசியாவின் இரு உறுப்பினர்கள் ஆகிறார்கள்.

முதல் தீர்மானம், பொங்கல் விழாவில் முனியாண்டி பாடுவது. யாழ்ப்பாணம், மன்னார், தமிழ்நாடு என எல்லாக் கைகளும் உயர்கின்றன. எதிர்த்து ஒரே ஒரு கை, மலேசியாவிலிருந்து. வளையல் போட்ட கை.